விடிகாலை நாலரை மணி யார் கணக்கில்?

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற சாலையில் விடிகாலை நாலே முக்காலுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் ஒரு காலத்தில் இரண்டே வகை. ஒன்று பால்காரர், இன்னொன்று பேப்பர் போடுகிற பையன். இருவரும் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். இப்போது மிச்சமிருப்பது என்னைப் போல ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, பிள்ளையார்பட்டியைத் தாண்டிப் போய், எங்கேயும் போய்ச் சேராமல் வீட்டுக்கே திரும்புகிறவர்கள்தான். "எங்கப்பா போயிட்டு வர்றே?" என்று டீக்கடைக்காரர் கேட்டால் சொல்வதற்கு ஒரு ஊர்ப் பெயர் இருக்காது. சும்மா ஒரு சுற்று என்றால், வேலையில்லாதவன் என்று முடிவு கட்டிவிடுவார்.

ஆனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்து முடிக்கிற ட்ரையத்லான் என்ற இந்த ஆட்டத்தில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, பத்து மணிக்குள் அலுவலகத்தில் இருந்தாக வேண்டிய கட்டாயம் இருக்கிறது. நீளதூர ட்ரையத்லான் பிறந்ததே அப்படிப்பட்டவர்கள் மத்தியில்தான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடி காலின்ஸும் ஹவாயில் இருந்தபோது, நீச்சல்காரன் உடம்பு உறுதியா, ஓட்டக்காரன் உடம்பு உறுதியா, சைக்கிள்காரன் உடம்பு உறுதியா என்று ஒரு விவாதம் கிளம்பியது. ஓவாஹு தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளை ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிடலாம் என்று தீர்த்தார்கள். 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், தீவைச் சுற்றிய சைக்கிள் போட்டி, கடைசியில் ஹொனலூலு மாரத்தானின் 42.2 கிலோமீட்டர். நீச்சல் முடிகிற இடத்தில் சைக்கிளைத் தொடங்கி, மாரத்தான் தொடங்கும் இடத்தில் முடிக்க வேண்டியிருந்ததால் தீவுச் சுற்றில் கொஞ்சம் கழித்தார்கள். உலகமெங்கும் இன்று பின்பற்றப்படும் 180 கிலோமீட்டர் என்ற கணக்கு வந்த கதை இதுதான். 1978 பிப்ரவரியில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்டது 11 மணி 46 நிமிடம் 58 விநாடி.

மூன்றையும் கூட்டினால் 226 கிலோமீட்டர். பெரும்பாலான போட்டிகளில் இதை முடிக்க 17 மணி நேரம் தருகிறார்கள். பாதி தூரம் என்றால் 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், ஆக மொத்தம் 113 கிலோமீட்டர். அதற்கு வழக்கமாக எட்டரை மணி நேரம். 2019 அக்டோபரில் கோவாவில், உலகெங்கும் ட்ரையத்லான் போட்டிகள் நடத்துகிற அயர்ன்மேன் அமைப்பின் பாதி தூரப் போட்டி முதன்முறையாக நடந்த பிறகுதான் நம் பக்கத்து ஆட்களுக்கு அயர்ன்மேன் ரயிலேறிப் போய்வரக் கூடிய சங்கதி ஆனது. அதற்கு முன்பு அயர்ன்மேன் என்றால் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் விளையாட்டு. நடிகர் மிலிந்த் சோமன் ஐம்பதை ஒட்டிய வயதில், 2015-இல் சூரிக்கில் முழுத் தூரத்தை முடித்த செய்தியைப் படித்துவிட்டு 'நமக்கெங்கே' என்று பேப்பரை மடித்து வைத்தவன் நான்.

சரி, தூரம் இருக்கட்டும். உண்மையான கேள்வி, இதற்கான நேரம் எங்கிருந்து வருகிறது?

பாதி தூரத்துக்குத் தயாராகிறவர் வாரம் எட்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் அனுபவம். முழுத் தூரம் என்றால் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் பன்னிரண்டு, பதினான்கு என்று ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே ஐந்தாறு மணி நேரம் சைக்கிளில் போய்விடும். குளித்து, சாப்பிட்டு, சுருண்டு படுத்து எழுந்தால் அந்த ஞாயிறே காலி. பயிற்சித் திட்டம் எழுதித் தருகிறவர்கள் மணிக்கணக்கு மட்டும்தான் எழுதுகிறார்கள். அந்த மணி யாருடையது என்று எழுதுவதில்லை.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு அனுகூலம் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து, பேரேடு எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பியவர்களின் மண் இது. ஓரிடத்தில் வரவு வைத்தால் இன்னோரிடத்தில் பற்று எழுதியாக வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயிற்சி நேரத்துக்கும் அதே கணக்குதான். நான் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஆறரைக்கு வீடு திரும்பினால், அந்த இரண்டு மணி நேரம் யாருக்கும் செலவில்லாமல் வந்தது என்று முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் தூங்குகிற நேரம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஒருநாள் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க நாலரைக்கு எந்திரிக்கிறதால ஒம்பதுக்குத் தூங்கப் போயிடுறீங்க. ஒம்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் வீட்ல இருக்கற வேலை எல்லாம் யாரு பாக்குறா? காலையில ஆறுல இருந்து ஏழு வரைக்கும் ரெண்டு டிபன் பாக்ஸ், அத்தைக்கு மாத்திரை, பெரியவளுக்கு ரெக்கார்டு நோட்டு. அப்ப நீங்க எங்க இருக்கீங்க? பிள்ளையார்பட்டியில."

விடிகாலை நேரம் இலவசம் என்பது ஆண்கள் எழுதிய கணக்கு. அந்தக் கணக்கில் பற்றுப் பக்கம் ஒன்று இருந்தது. அதை நான் எழுதவேயில்லை. நம் வீடுகளில் நாலரை ஐந்துக்கு எழுந்துகொள்வது ஒன்றும் புதுமையில்லை. வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் காலங்காலமாக எழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதற்கு யாரும் கழுத்தில் பதக்கம் போட்டதில்லை. இதே விளையாட்டுக்கு ஒரு பெண் வர நினைத்தால் அவளுக்கு அந்த நேரம் அடுப்படியில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதை மீறி வெளியே வந்தால் இருட்டு, ஆள் நடமாட்டமில்லாத சாலை, உடை பற்றிய பார்வை. நம் பக்கத்தில் இந்த விளையாட்டில் ஆண்களே நிறைந்திருப்பதற்குக் காரணம் உடல் வலு இல்லை என்பது என் கட்சி. நேரத்தைக் கடன் வாங்குகிற வசதி ஆணுக்கு இருக்கிறது. அந்தக் கடனுக்கு வட்டியும் கிடையாது.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் பயிற்சித் திட்டத்தைத் தலைகீழாகப் போட ஆரம்பித்தேன். வழக்கமான முறை, போட்டி நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணிக்கொண்டு வருவது. இருபது வாரம், பதினாறு வாரம், மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்கு என்று. காகிதத்தில் அழகாக இருக்கும். செட்டிநாட்டில் அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. இங்கே ஒரு வருடத்தில் எத்தனை கல்யாணம், காதுகுத்து, சாந்தி, படைப்பு, புதுமனை என்று எண்ணிப் பாருங்கள். போகாமல் இருக்க முடியுமா? போட்டிக்காக வரவில்லை என்று சொன்னால் அடுத்த தலைமுறை வரைக்கும் அந்தப் பேச்சு நிற்கும். அதனால் முதலில் தினசரிக் காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களைக் குறித்தேன். அதற்கப்புறம்தான் பயிற்சி.

அப்படிப் பார்த்ததும் ஒரு ஆச்சரியம். தமிழ் மாதங்கள் தாமாகவே ஒரு பயிற்சித் திட்டம் போட்டு வைத்திருக்கின்றன. கோவாப் போட்டி அக்டோபர், நவம்பர் வாக்கில் வருகிறது. அதற்கு முன் ஜூலை நடுவில் ஆடி. முகூர்த்தம் இல்லாத மாதம், நாலைந்து ஞாயிறும் பெரும்பாலும் கையில் இருக்கும். பிறகு ஆவணி, கல்யாண மண்டபங்கள் நிரம்பி வழியும். பிறகு புரட்டாசி, மறுபடி ஓய்ந்துவிடும். ஏற்று, இறக்கு, ஏற்று. ஆடியில் தூரத்தைக் கூட்டி, ஆவணியில் பந்திக்குப் பந்தி உட்கார்ந்து உடம்பை ஆறவிட்டு, புரட்டாசியில் போட்டி வேகத்தில் பழகி, கடைசி இரண்டு வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிட்டு ரயிலேறலாம். உடம்பு வளர்வது உழைக்கிறபோது இல்லை, உழைப்புக்குப் பிறகு ஆறுகிறபோதுதான் என்பது பயிற்சி அறிவியலின் அடிப்படை. ஆவணியை விரயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவனுக்கு அது தேவையான ஓய்வு என்று புரிந்த பிறகு, கல்யாண வீட்டில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கக்கூட தைரியம் வந்துவிட்டது.

ஆடிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சைக்கிளில் போகிறவனைக் கேட்டால் அது மிகையில்லை என்பான். காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் கிளம்பும்போதே மேற்கே, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று போவது புத்தி. தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்து மிதித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மேடு குறைந்த நம் ஊரில் எதிர்க்காற்றுதான் மலை. சிங்கம்புணரி வரை போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டரை ஒட்டி வரும், பாதி தூரப் போட்டியின் சைக்கிள் பகுதிக்குச் சரியான ஒத்திகை. ஒன்று மட்டும் கவனம்: பொங்கலை ஒட்டி அந்தச் சாலைப் பக்கம் போகாதீர்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் மாட்டுக்கும் மனிதருக்கும் நடுவில் சைக்கிளுக்கு இடம் கிடையாது. அதேபோல ஏதாவது ஊர்த் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் சாலையிலேயே நடக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான் என்று வகை வகையாக வரும். ஒரு தடவை பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கியிருக்கிறேன். கரிச்சான் மாட்டின் வேகத்தை எந்தக் கார்பன் சைக்கிளும் நெருங்காது.

சைக்கிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் தின்பது அதுதான். முழுத் தூரத்தை 14 மணி நேரத்தில் முடிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் ஒன்றரை மணி, சைக்கிள் ஏழு மணி, ஓட்டம் ஐந்து மணி, மிச்சம் உடை மாற்றவும் மூச்சு வாங்கவும். போட்டியில் பாதி நேரம் சேணத்தின் மேல்தான். குடும்பஸ்தனுக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் மூன்றில் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியது சைக்கிள் ஒன்றுதான். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கிற டர்போ டிரெய்னர் என்ற தாங்கியில் மாட்டினால், பிள்ளை கணக்குப் போடுகிற மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் மிதிக்கலாம். சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் நடக்கிற வேலை வீட்டில் ஒரு மணியில் முடிந்துவிடும். சிக்னல் இல்லை, இறக்கத்தில் சும்மா உருள்வது இல்லை, நாய் துரத்துவது இல்லை. பழைய வீடாக இருந்தால் வளவில் போட்டுக்கொள்ளலாம். சுற்றிலும் தாழ்வாரம், மேலே வானம், காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் வீடு அப்படியில்லை, மேலே கான்கிரீட். இரண்டு மின்விசிறி இல்லாமல் முடியாது. முன்னே நகராத சைக்கிளில் முகத்தில் காற்று அடிக்காது. உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். கீழே பழைய விரிப்பு ஒன்றும் அவசியம். ஆத்தங்குடிக் கல்லில் வேர்வை சொட்டினால் வழுக்கும். ஒருமுறை அம்மா அதில் வழுக்கப் பார்த்தார்கள். அன்றைக்குக் கேட்ட பேச்சுக்குப் பிறகு நானே துடைத்துவிடுகிறேன்.

சாலைக்குப் போகிற நாட்களில் பின்விளக்கு, பிரதிபலிக்கும் சட்டை என்பவை பற்றி எல்லாரும் சொல்வார்கள். நம் பக்கத்துக்கென்று மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல முள், மயில், ஆட்டுக்கிடை. முள்ளுக்கு ட்யூப்லெஸ் டயரும் உள்ளே ஊற்றுகிற பசையும் ஓரளவு பதில். மயிலுக்குப் பதில் கிடையாது. குன்றக்குடி முருகன் ஊர் என்பதாலோ என்னவோ, அந்தப் பக்கம் அவை சாலை விதி எதற்கும் கட்டுப்படுவதில்லை.

நீச்சல்தான் இந்த மண்ணில் வில்லங்கம். ஏரியும் குளமும் இல்லாத ஊர் இல்லை, ஆனால் பயிற்சிக்கு இறங்க இடமில்லை. ஊருணி குடிநீருக்கானது, பல ஊர்களில் கால் நனைப்பதற்கே தடை. அந்தத் தடை நியாயமானது, அதில் போய்ப் பயிற்சி செய்ய நினைப்பதே தப்பு. கண்மாய் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மார்கழி, தையில் நிறைந்திருக்கும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும். ஆக, அக்டோபர் போட்டிக்குத் தயாராகிற மாதங்களில் அதில் தண்ணீரே இருக்காது. இருக்கிற மாதங்களிலும் மண் அள்ளிய பள்ளம், தாமரைக்கொடி, மடை திறந்திருந்தால் இழுக்கிற நீர் என்று ஆபத்துகள் உண்டு. தனியாக இறங்கவே கூடாது. இடுப்பில் கட்டி இழுத்துப் போகிற ஆரஞ்சு நிற மிதவை ஒன்று, கரையில் ஊர்க்காரர் ஒருவர், இரண்டும் இல்லாமல் நான் இறங்குவதில்லை. நீச்சல்குளம் என்றால் அது திறக்கிற நேரமும் அலுவலகம் திறக்கிற நேரமும் மோதிக்கொள்ளும்.

இதனால் நீச்சலுக்கு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் எனக்குக் கிடைப்பதில்லை. அதுவே போதும் என்றும் போதாது என்றும் சொல்லலாம். போட்டி நேரத்தில் நீச்சலின் பங்கு பத்தில் ஒன்றுதான், அதனால் அங்கே ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் மெனக்கெடுவது குடும்பஸ்தனுக்குக் கட்டாது. ஆனால் சரியாக நீந்தத் தெரியாதவனுக்கு அந்தப் பத்தில் ஒன்றே மீதி ஒன்பதையும் தின்றுவிடும். கிணற்றில் நீச்சல் பழகிய நம்மவர்களுக்குத் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே நீந்துகிற பழக்கம். தலை மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும், உடம்பு சாய்ந்து நின்று தண்ணீரை நெஞ்சால் தள்ளும். காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியான பொருளில் பலத்தைக் காட்டி என்ன ஆகப் போகிறது? முகத்தை நீரில் புதைத்து, பக்கவாட்டில் மூச்செடுக்கப் பழகியதும் எனக்கு நூறு மீட்டருக்கு ஆகிற நேரம் குறைந்தது, மூச்சு இரைப்பதும் குறைந்தது. பலம் ஒரு துளி கூடவில்லை. இதைக் கற்றுக்கொள்ள நீளமான பயிற்சி வேண்டாம். அரை மணி நேரம், ஆனால் அடிக்கடி. முழுப் பரீட்சை விடுமுறையில் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, அவர்கள் ஒரு ஓரம் கற்றுக்கொள்ள, நான் இன்னொரு ஓரத்தில் கற்றுக்கொண்டேன். கணக்கில் இரு பக்கமும் வரவு எழுதிய அபூர்வமான இடம் அது.

கடல் பழக்கத்துக்குத் தொண்டிப் பக்கம் போகலாம். பாக் விரிகுடா, ஆழமும் அலையும் குறைவு. கோவாவில் அரபிக்கடல் அப்படி இருக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மீனவர் யாராவது உடன் இருக்கும்போது இறங்கலாம்.

ஓட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால் இருக்கிறது, செம்மண் பாதை இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பலப்பட்டுவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பலப்படும். சைக்கிளில் தேறிய தைரியத்தில் ஓட்டத்தைச் சட்டென்று கூட்டுகிறவர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது இதனால்தான். முப்பது நாற்பது நிமிடம், வாரம் மூன்று முறை, அதில் ஒன்று சைக்கிளை விட்டு இறங்கின உடனே. முதல் கிலோமீட்டருக்குக் கால் அடுத்தவர் கால் மாதிரி இருக்கும். கண்மாய்க் கரையில் ஓடினால் முழங்காலுக்கு இதம். இருட்டில் டார்ச் இல்லாமல் வேண்டாம், பாம்புகளுக்கும் அந்தக் கரை பிடிக்கும்.

நேரம் குறைவாக இருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு தப்பு உண்டு, நானும் செய்தேன். கிடைப்பது ஒரு மணி நேரம்தானே, அதை வீணாக்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நாக்குத் தள்ள ஓடுவது. ஸ்டீஃபன் சைலர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் படகு, பனிச்சறுக்கு போன்ற நெடுநேர விளையாட்டுகளில் உலகத் தரத்தில் இருக்கிறவர்களின் பயிற்சியைக் கவனித்து எழுதியது இதற்கு நேர் எதிர். அவர்களுடைய பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவானது. மெது என்றால் பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போக முடிகிற வேகம். அந்த வேகத்தில்தான் தசையில் நுண்ணிய ரத்தக்குழாய்களும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன, உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. அதைவிட முக்கியம், மறுநாள் அலுவலகத்தில் கொட்டாவி விடாமல் உட்கார முடிகிறது. வாரம் ஆறு மணிதான் கிடைக்கிறது என்றால் கடினமான பயிற்சியின் பங்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் வாரம் இரண்டு கடினப் பயிற்சிக்கு மேல் வேண்டாம். நடுவாந்தரமான வேகத்தில் தினமும் ஓடுவது உடம்பைக் களைப்பாக்கும், பெரிதாக எதையும் கற்றுக்கொடுக்காது. வீட்டில் எரிந்து விழ வைப்பதும் அதுதான். எங்கள் வீட்டில் என் பயிற்சி வேகத்தைக் கடிகாரத்தைவிடச் சரியாகக் கணித்தவள் என் மகள். "அப்பா இன்னைக்கு வேகமா ஓடிட்டு வந்திருக்காங்க, பேசாதே" என்று தம்பியிடம் சொல்வாள்.

தூக்கத்தையும் இந்த இடத்தில் எழுதிவிட வேண்டும். ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் இட்லிச் சட்டி இறங்கும். அப்படி இருந்துகொண்டு நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. தூக்கத்தில் கடன் வாங்கிப் பயிற்சி செய்வது, வட்டிக்கு வாங்கிச் சீட்டுக் கட்டுவது போல. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு இழுத்த பிறகுதான் நான் ஒன்பதுக்குப் படுக்க முடிந்தது. அதற்கே ஆறு மாதம் ஆயிற்று. தூக்கம் கெட்ட மறுநாள் பயிற்சி இல்லை என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

சாப்பாடு பற்றிக் கேட்பவர்கள் செட்டிநாடு என்றதும் சிரிக்கிறார்கள். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து 400, 500 கிராம் அளவுதான், ஏறத்தாழ 2000 கலோரி. ஐந்தாறு மணி நேரம் மிதிக்கிறவனுக்கு அது பாதி வழியில் தீர்ந்துவிடும். அதனால் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வயிற்றையும் பழக்க வேண்டும். நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்குப் பக்கம் இருக்கும். கடலை மிட்டாய், பேரீச்சை, உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு. விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டை நான் போட்டி நாளுக்கும் அதற்கு முன் இரண்டு ஒத்திகைக்கும் மட்டும்தான் வாங்குகிறேன். கவுனி அரிசி நல்லதுதான், ஆனால் நார்ச்சத்து அதிகம். பயிற்சி முடிந்த பிறகு. எண்ணெயில் பொரித்த சீயமும் வெள்ளைப் பணியாரமும் கிளம்புவதற்கு முன்பு கூடவே கூடாது. முந்தின நாள் ராத்திரி மிளகுக் கோழி சாப்பிட்டுவிட்டு நீள ஓட்டத்துக்குப் போன கதையை இங்கே எழுத மாட்டேன். தண்ணீர் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: வேர்க்கிறதே என்று வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். உப்பும் வேண்டும், தாகமும் வழிகாட்ட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் இதற்கெல்லாம் முன்பு ஒரு இதயப் பரிசோதனை செய்துகொள்வதும் நல்லது.

நம் வெயிலுக்கு நன்றி சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வெக்கையில் பத்துப் பதினான்கு நாள் மிதமாகப் பயிற்சி செய்தால் ரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது, வேர்வை சீக்கிரம் வருகிறது, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறைகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் இதற்காகச் சூடேற்றிய அறையில் மிதிக்கிறார்கள். நமக்குச் சித்திரை இலவசம்.

இந்த ஊர் நெடுந்தூரம் அறியாத ஊர் இல்லை. தை மாதம் பிறந்தால் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நூற்றைம்பது கிலோமீட்டர் போல. தலைமுறை தலைமுறையாக, வயது எழுபதைத் தாண்டிய ஆச்சிகள் உட்பட. கொப்புளத்துக்கு என்ன போடுவது, எந்த நேரத்தில் நடந்து எந்த நேரத்தில் படுப்பது, எங்கே என்ன சாப்பிடுவது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களிடம் போய் 226 கிலோமீட்டர் என்றால் தூரத்தைக் கேட்டு யாரும் மிரள்வதில்லை. "யாரோட போறே?" என்பதுதான் முதல் கேள்வி. தனியாக என்றால்தான் முகம் மாறும்.

அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. பாதயாத்திரையில் நடப்பது ஒருவர் இல்லை, ஒரு குடும்பம். யாரோ சமைக்கிறார்கள், யாரோ மூட்டையை ஏற்றி வருகிறார்கள், அடுத்த வருடம் முறை மாறுகிறது. ட்ரையத்லானில் நடப்பது ஒருவர், சுமப்பது மற்றவர்கள். முறை மாறுவதேயில்லை. அதைக் கொஞ்சமாவது மாற்ற நாங்கள் செய்தவை சின்னச் சின்னவை. வாரத்தில் மூன்று விடிகாலை எனக்கு, மூன்று அவளுக்கு. அவள் அந்த நேரத்தில் நடக்கிறாள், சில நாள் சும்மா தூங்குகிறாள். என்ன செய்கிறாள் என்று கேட்பது என் வேலை இல்லை. அவளுடைய நாட்களில் டிபன் பாக்ஸ் என் பொறுப்பு. தக்காளிச் சாதம் மட்டும் நன்றாக வரும், அதனால் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் தக்காளிச் சாதம். முழுத் தூரம் என்ற ஆசையை இளையவன் பத்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் தள்ளி வைத்தாயிற்று. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் பாதி தூரமே முழுத் தூரம் என்பது என் தீர்மானமான எண்ணம். எட்டு மணி நேரத்தை ஒரு வீடு தாங்கும், பதினான்கைத் தாங்காது.

அப்புறம் விசேஷ வீட்டுக்குச் சைக்கிளில் போவது. போன ஆவணியில் மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். நான் மூன்றரைக்குக் கிளம்பினேன். வேட்டி சட்டையோடு வீட்டார் காரில் பின்னால் வந்தார்கள். மண்டபத்துக் கிணற்றடியில் குளித்து, தாலி கட்டுவதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று. திரும்பும்போது சைக்கிள் காரின் மேலே, நான் பின் இருக்கையில் தூக்கத்தில். நாள் முழுக்கக் குடும்பத்தோடு இருந்ததாகவே கணக்கு. மாமனார் மட்டும் கேட்டார், "ஏன் மாப்பிள்ளை, கார்ல எடம் இல்லையா?"

இந்த ஆவணி முதல் ஞாயிறு கோனாபட்டில் காதுகுத்து. சைக்கிளில் வரட்டுமா என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை. நாளைக்குத் தக்காளிச் சாதம் கட்டிக் கொடுத்துவிட்டுக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.